காரணம் சொல்லத் தேவையில்லாத பயணங்கள்

வடக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏ-9 வீதியோரம் நின்று பார்த்தால், எந்த அவசரமும் இல்லாத சிலரைக் காணலாம். ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் இடைவெளி விட்டுத் தெற்கு நோக்கிப் போகும். வேலைக்கோ, சந்தைக்கோ, செத்தவீட்டுக்கோ போகும் பயணமல்ல அது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களென்றால் இன்னொரு கூட்டத்தையும் காணலாம். சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ நடத்தும் சைக்கிள் ஓட்டத்தைப் பார்க்கச் சந்தியில் நிற்கும் சனம் அது.

இரண்டையும் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். முதலாவதில் வரிசையின் பின்பகுதியில் ஓடுபவனாக, இரண்டாவதில் வீதியோரம் நிற்பவனாக. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊர்களில் நீண்ட காலம் ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கே போகிறீர், ஏன் போகிறீர், எப்போது திரும்புவீர் என்ற கேள்விகளுக்குப் பாஸிலும் பதில் இருக்க வேண்டும், வாயிலும் பதில் இருக்க வேண்டும். சும்மா போகிறேன் என்ற பதில் அன்று ஆபத்தானது. அதே பதிலை இன்று ஒருவர் சாதாரணமாகச் சொல்ல முடிவதை நான் சிறிய விடயமாக எடுப்பதில்லை.

சைக்கிள் சுமந்த காலம்

எழுத்தில் துவிச்சக்கர வண்டி, வன்னியில் ஒரு காலத்தில் ஈருருளி, வீட்டில் எப்போதும் சைக்கிள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி, பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போனபோது குடாநாட்டின் போக்குவரத்தைத் தாங்கியது இதுதான். நோயாளியும் விறகும் நெல் மூட்டையும் அதில்தான் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலத்தில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தவர்கள் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்திரளில் ஓடக்கூடிய சைக்கிள் எதுவும் இருக்கவில்லை. எல்லாமே உருட்டப்பட்டன. பாரிலும் கரியரிலும் ஹான்டிலிலும் வீடு தொங்கியது.

அதன் பின்னர் வந்த சோதனைச் சாவடிக் காலத்திலும் இறங்கி உருட்டுவதே வழக்கம். சாவடிக்கு முன்னே இறங்கி, கடந்தபின் ஏற வேண்டும். இன்று ஒரு சைக்கிள் ஓட்டக்காரர் எங்கும் இறங்காமல் ஊர் ஊராகக் கடந்துபோவதை முதியவர்கள் ஏன் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளின் இரண்டு ஞாபகங்கள்

மோட்டார் சைக்கிளைப் பற்றிய முதல் ஞாபகம் மண்ணெண்ணெய் மணம். காபரேற்றரில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரும்புகை வரும், பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். ஆனாலும் ஓடியது. அந்தக் காலத்து மெக்கானிக்குகளிடம் தொழில் பழகியவர்கள் சிலர் இன்றும் சத்தத்தை மட்டும் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது ஞாபகம் அச்சம். 2006 இற்குப் பின்னான வருடங்களில் யாழ்ப்பாணச் செய்திகளில் 'மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாதோர்' என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது. அதைத் தொடர்ந்து துப்பாக்கிச் சூடு என்ற சொல் வரும். ஊடகக் கல்வியில் சொற்றொடர்கள் எப்படித் தேய்கின்றன என்று படித்தோம். இது தேயாத ஒன்று. ஊரடங்கு இரவில் அந்தச் சத்தம் வீட்டு வாசலில் நின்றுவிடுமோ என்று காத்திருந்தவர்கள் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். போருக்குப் பின் வாள்வெட்டுக் குழுக்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்தபோது அந்த அச்சம் புதுப்பிக்கப்பட்டது.

ஆகவே, பத்து இளைஞர்கள் ஒன்றாக மோட்டார் சைக்கிளில் வந்தால் ஊர் உடனே சிரிக்காது. கூட்டுப் பயணம் போகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பகலில் போவது, இலக்கத் தகட்டை மறைக்காமல் விடுவது, சைலன்சரைக் கழற்றி அலற விடாமல் இருப்பது, கடையில் நிறுத்தும்போது தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டிப் பேசுவது எல்லாம் இங்கே நாகரிகம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. முழுமுகத் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் 2015 இல் முயன்று, விடயம் நீதிமன்றம் வரை போனது. குற்றம் செய்பவர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். ஓடுபவரின் தாடையைக் காப்பது அதே தலைக்கவசம்தான் என்பது மறுவாதம். இரண்டும் உண்மை. ஓடும்போது அணிந்து, நின்றால் கழற்றுவதே நடைமுறைக்கு ஏற்ற தீர்வு.

கூட்டமாக ஓடும் முறை

நன்றாக நடக்கும் குழுக்களில் சில பொது வழக்கங்களைக் காணலாம். முன்னால் பாதை தெரிந்த ஒருவர். கடைசியில் அனுபவமுள்ள இன்னொருவர். பஞ்சர் ஒட்டும் சாமான், பிளக் ஸ்பனர், முதலுதவிப் பை அவரிடம் இருக்கும். அவரை யாரும் பின்னுக்கு விடக்கூடாது. புதிதாக ஓடுபவர்கள் முன்னவருக்கு அடுத்ததாக ஓட, வேகம் அவர்களுக்கு ஏற்றபடி அமையும். ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுக்களாகப் பிரிவது நல்லது. நீண்ட வரிசையை முந்த முடியாத பஸ் சாரதி நடுவில் நுழைவார்.

ஓடும்போது இருவர் சோடியாகப் போகாமல், ஒருவர் தன் தடத்தின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக மாறி மாறிப் போவார்கள். நேர் முன்னால் இருப்பவருக்கும் தமக்கும் இடையில் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி. அவர் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கினால் இது தெரிந்துவிடும். மழையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும். வளைவிலும் ஒடுங்கிய பாலத்திலும் ஒற்றை வரிசை. திரும்பும் சந்தியில் பின்னால் வருபவர் தெரியும்வரை ஒருவர் நிற்பார். இந்த ஒரு வழக்கம் இருந்தால், தவறிவிடுவோமோ என்ற பதற்றத்தில் யாரும் வேகமெடுக்கத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளுக்குச் சட்ட வேகம் குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. இலங்கையில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000 இற்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். போரில் ஒரு பிள்ளையை இழந்த வீட்டில், மிஞ்சிய பிள்ளைக்கு லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுத் தாய்க்கு 70 என்பது வெறும் இலக்கமல்ல.

போகும் பாதைகள்

குறுகிய பயணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் தீவகம். வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் வரை தரைவழியாகப் போகலாம். ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்கு 'பாதை'யில் ஏறிக் கடந்தால் வந்த வழியே திரும்பத் தேவையில்லை. ஆனால் பாதை ஓடுகிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு ஏ-32. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரி வழியே நேராக மன்னாருக்குப் போக முடிகிறது. எரிபொருளை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. கிழக்கே ஏ-35 பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்குப் போகிறது. 2009 மேயில் சனங்கள் கடந்து வந்த வட்டுவாகல் பாலம் அந்தப் பக்கத்தில்தான். அங்கே இயந்திரத்தை நிறுத்துவதும், கூச்சலிட்டுப் படம் எடுக்காமல் இருப்பதும் யாரும் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, முகமாலைப் பக்கத்தில் வீதியை விட்டு இறங்கக்கூடாது. நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்று அங்கே இருந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் குறுக்குப் பாதை தேட வேண்டாம். இரண்டாவது, வன்னியில் மாலைக்குப் பின் தார் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். மூன்றாவது, காவலாளி இல்லாத ரயில் கடவைகள். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, தண்டவாளமே இல்லாமல் வளர்ந்த ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்கப் பழக வேண்டியிருந்தது. கடவையில் ஒவ்வொருவரும் தாமே நின்று பார்க்க வேண்டும். முன்னவர் கடந்துவிட்டார் என்பது காரணமாகாது.

சைக்கிள் ஓட்டத்தில் எதைப் பார்ப்பது

ஊர்ப் போட்டியைச் சந்தியில் நின்று பார்ப்பவருக்கு ஓட்டக்காரர்கள் தெரிவது சில விநாடிகள்தான். எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் அந்த விநாடிகள் போதும். சைக்கிளை வேகமாக ஓட்டுபவரின் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் காற்றை வெட்ட, அவருக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு மூன்றிலொரு பங்குவரை குறையலாம். ஆகவே பலர் கூட்டமாகப் போய், மாறி மாறி முன்னுக்கு வருவார்கள். யார் முன்னுக்கு வராமல் ஒளிந்து ஓடுகிறார் என்று பாருங்கள். கடைசி 200 மீற்றரில் அவர்தான் பாய்வார்.

மலையே இல்லாத குடாநாட்டில் ஏற்றம் செய்யும் வேலையைச் சோளகம் செய்கிறது. பண்ணைப் பாலத்திலும் ஆனையிறவிலும் மறைப்பு இல்லை. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஓட்டக்காரர்கள் நேர் வரிசையை விட்டுச் சரிவாக அணிவகுப்பார்கள். வீதியின் அகலம் முடிந்ததும் அந்த அணியில் இடம் கிடைக்காதவர்கள் பின்தங்கி விடுவார்கள். போட்டி பிளவுபடும் இடம் பெரும்பாலும் அதுதான். நிற்பதற்கு நல்ல இடம் திருப்பத்துக்குச் சற்று அப்பால், அதுவும் திருப்பத்தின் உட்பக்கத்தில். வெளிப்பக்கத்தில் நின்றால் வழுக்கி வருபவர் உங்கள் மேல்தான் விழுவார். நாயைக் கட்டிவிடுங்கள், சிறுவர்களைக் கையில் பிடியுங்கள்.

சர்வதேசப் போட்டி விதிப்படி ஒரு ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. அப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிள் 20 கிலோவுக்குக் கிட்ட வரும். ஊர்ப் போட்டிகளில் இரண்டு வகையும் ஒரே கோட்டில் நிற்பதுண்டு. சாதாரணச் சைக்கிளுக்கும் கியர் சைக்கிளுக்கும் தனித்தனிப் பரிசு வைக்கும் கழகங்கள் நியாயமானவை. பெண்களுக்கான ஓட்டத்தை ஒப்புக்கு நடத்தாமல் அதே வீதியில், அதே கவனத்தோடு நடத்துவதும் அவ்வளவு அவசியம். போர்க்காலம் முழுவதும் பாடசாலைக்கும் வேலைக்கும் சைக்கிளில் போய் வந்த பெண்களின் பிள்ளைகள் இவர்கள்.

நாட்டின் பெரிய போட்டிகளில் சிலவற்றைப் படைகளே நடத்துகின்றன. முன்னணி ஓட்டக்காரர்கள் பலரும் படைகளின் கழகங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே சம்பளமும் சைக்கிளும் பயிற்சியும் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளில் திறமையுள்ளவர் பாடசாலை மட்டத்தோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சிவில் கழகம் ஒன்று நல்ல சைக்கிள் இரண்டை வாங்கி மாறி மாறிக் கொடுத்தாலே அந்த இடைவெளி சற்றுக் குறையும். வெளிநாட்டில் இருந்து ஊருக்கு உதவ விரும்புகிறவர்கள் வரவேற்பு வளைவுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானபோது, கொழும்பு சைக்கிளைப் புதிதாகக் கண்டுபிடித்தது. யாழ்ப்பாணத்தில் பலர் தாழ்வாரத்தில் நின்ற பழையதைத் துடைத்து, ரியூப் மாற்றி, காற்றடித்தார்கள். தடை வந்தால் எதை வெளியே எடுப்பது என்பது எங்களுக்குத் தெரியும். தடை இல்லாத நாளில் அதே சைக்கிளை எதற்காக வெளியே எடுப்பது என்பதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளை சும்மா ஒரு சுற்றுப் போய் வாறன் என்று சொன்னால், தலைக்கவசம் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.