கோப்பை யார் கணக்கில்?

நடுவர் ஐயா அவர்களே! எதிரே உட்கார்ந்துகொண்டு என்னையே முறைத்துப் பார்க்கும் எதிரணி நண்பர்களே! சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து, குளித்தும் குளிக்காமலும் இந்தக் கும்மிடிப்பூண்டி மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் தோழர்களே! பிள்ளை குட்டிகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! 

தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். "ஒரு பயிற்சியாளரின் பெருமை அவர் வாங்கிய கோப்பையிலா, அவர் விட்டுப்போன அணியிலா?" நான் "விட்டுப்போன அணியில்" என்று பேச வந்திருக்கிறேன். இந்தத் தலைப்பு எனக்கு மேடையில் வந்த தலைப்பு இல்லீங்க. எங்க வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு முன்னால பத்து வருஷமா நடக்கிற சண்டை. என் மகன் மெட்டராஸி கட்சி. என் மச்சான் கிரிகோரி கட்சி. போன பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. என் வீட்டுக்காரி கேட்டாள்: "யாருங்க இந்த ரெண்டு பேரும்? நம்ம சொந்தமா?" (சிரிப்பு)

தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்று ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கியது. சென்னைக்கு ஒரு அணி வந்தது. பேரு சென்னையின் எஃப்.சி. அதன் முதல் பயிற்சியாளர் இத்தாலிக்காரர் மார்கோ மெட்டராஸி. பேரைக் கேட்டதும் எங்க பையன், "அப்பா, நம்மாளு போலிருக்கு, மெட்ராஸின்னு பேரே இருக்கு"ன்னான். (சிரிப்பு, கைதட்டல்) 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா? பிரான்ஸ் நாட்டின் ஜிதேன் ஒருத்தர் மார்பில் தலையால் முட்டிவிட்டு வெளியே போனாரே, அந்த முட்டு வாங்கியவர்தான் இவர். இத்தாலிக்கு அன்றைக்குச் சமன் செய்த கோலைப் போட்டவரும் இவரேதான். ஆனால் முட்டு வாங்கியது மட்டும்தான் உலகத்துக்கு ஞாபகம் இருக்கு. மனுஷனுடைய கணக்கை ஊர் எப்படி எழுதுது பார்த்தீங்களா!

முதல் வருஷம் லீக் பட்டியலில் சென்னைதான் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் தோற்றது. அது போகட்டும். நான் நிறுத்திப் பேச வேண்டியது 2015.

அந்த வருஷம் நடுவில் பார்த்தால் நம்ம அணி பட்டியலின் அடியில் கிடக்கிறது. லீக் சுற்றில் மொத்தம் 14 ஆட்டம். முதல் பத்தில் ஜெயித்தது மூன்றே மூன்று. பத்திரிகையில் எழுதிவிட்டார்கள், கதை முடிந்தது என்று. மிச்சம் இருந்த நாலு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். நாலுக்கு நாலு! அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. அந்த டிசம்பரை இந்த மாவட்டத்துக்காரனுக்கு நான் விளக்க வேண்டாம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் எங்கே ஓடுது, ரோடு எங்கே ஓடுதுன்னு தெரியாத நாட்கள். சென்னை தண்ணீரில் மிதக்க, சொந்த ஊரில் விளையாட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி, எங்கள் தெருவில் ஈரம் காயாத ஒரு வீட்டில், சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருக்க, மேலே ஏற்றி வைத்த டி.வி.யில் பத்து இருபது பேர் நின்றுகொண்டு பார்த்தோம். உட்காரப் பாய்கூட உலரவில்லை. கொல்கத்தாவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். வீட்டுக்காரப் பாட்டி, "நம்ம ஊர் பேர்ல யாரோ ஜெயிக்கிறாங்களாமே"ன்னு சொல்லி எல்லோருக்கும் கறுப்புக் காப்பி கொடுத்தாங்க. (கைதட்டல்)

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவில், கோவா அணியோடேயே. 87-ஆவது நிமிஷத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முன்னே போய்விட்டது. மூன்று நிமிஷம் கழித்து அவர்கள் கோல்கீப்பர் கையாலேயே பந்து உள்ளே போனது. அதற்கு அடுத்து, காயம்பட்ட நேரத்துக்கென்று கொடுக்கிற கூடுதல் நிமிஷத்தில் கொலம்பியாக்காரர் மெண்டோசா ஒன்று போட்டார். மூன்றுக்கு இரண்டு. சென்னைக்கு முதல் கோப்பை.

இங்கேதான் எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. நியாயமான கேள்வி. "அந்தக் கோப்பை மெட்டராஸி வாங்கியதா, மெண்டோசா வாங்கியதா? அந்த வருஷம் 13 கோல் போட்டு லீக்கிலேயே முதலாவதாக வந்தவர் மெண்டோசா. அவர் போனதும் 2016-இல் எட்டு அணியில் ஏழாவது இடம். அப்போ இவர் அணி கட்டினாரா, ஆள் பிடித்தாரா?" என்று கேட்டாங்க. மச்சானும் வீட்டில் இதையேதான் கேட்பான். கேட்டுவிட்டு இன்னொரு தோசை கேட்பான். (சிரிப்பு)

பதில் சொல்கிறேன். மெட்டராஸி 2017-இல் போனார். வந்தவர் ஜான் கிரிகோரி; இங்கிலாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா அணியை 2000-ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். வந்த முதல் பருவத்திலேயே கோப்பை! 2018 மார்ச் 17, பெங்களூரில், பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே, மூன்றுக்கு இரண்டு. எதிரணி இதைச் சொல்லும்போது இந்த மண்டபமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். நம்ம கோப்பை இல்லையா!

ஆனா கணக்கைப் பாருங்க. இவருக்கு ஒரு கோப்பை, அவருக்கு ஒரு கோப்பை. சரி, அடுத்த வருஷம் என்ன ஆச்சு? மெட்டராஸிக்கு ஏழாவது இடம். கிரிகோரிக்கு 2018-19-இல் பத்து அணியில் பத்தாவது இடம். பருவம் முழுக்க 9 புள்ளி. கோப்பையை வைத்து எடை போட்டால் தராசு அசையவே இல்லை, நடுவர் ஐயா. அதனாலதான் வேறு படிக்கல் வேண்டும் என்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் ரோலிங் மில்லில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் ராத்திரி ஷிப்ட். ராத்திரி ஷிப்ட்காரன் என்ன செய்வான்? பர்னஸை ஏற்றிப் பதத்துக்குக் கொண்டுவருவான். தேய்ந்த ரோலை மாற்றுவான். இரும்பு ஒழுங்காக ஓடுகிற நேரத்தில் சங்கு ஊதிவிடும். காலை ஷிப்ட்காரன் வந்து கம்பியாக உருட்டித் தள்ளுவான். வாசல் பலகையில் டன் கணக்கு யார் பேரில்? காலை ஷிப்ட் பேரில்! (கைதட்டல்) காலை ஷிப்ட்காரன் சோம்பேறி இல்லீங்க, அவனும் வேர்வை சிந்தியவன்தான். ஆனா பர்னஸைச் சில்லென்று கொடுத்திருந்தால் அன்றைக்குப் பலகையில் என்ன எழுதியிருப்பார்கள்?

இப்போது 2018 அணியைப் பாருங்கள். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக முதல் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. அந்த ஒரு கோல் அனிருத் தாப்பா. 2016-இல், மெட்டராஸி காலத்தில், 18 வயசுப் பையனாக எடுக்கப்பட்டவர். இரண்டாவது ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம். அதில் இரண்டு ஜெஜே; 2014-இலிருந்தே மெட்டராஸியிடம் ஆடியவர், 2015-இல் வளரும் வீரர் பரிசு பெற்றவர். இன்னொன்று நம்ம வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். (பலத்த கைதட்டல்) தட்டுங்க, நல்லா தட்டுங்க! திருவள்ளூர் லைனில் போகிறவர்கள் தினமும் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனைத் தாண்டித்தானே போறீங்க. அந்தப் பிள்ளையும் 2015 அணியிலேயே இருந்தவர்தான். இடது பக்கத் தடுப்பில் ஜெரி. 2016-இல் அவருக்கும் வளரும் வீரர் பரிசு, அவருக்கும் அப்போது வயது 18. அரையிறுதியில் போட்ட நாலு கோலும் ராத்திரி ஷிப்ட்காரன் ஏற்றி வைத்த பர்னஸிலிருந்து வந்தது, நடுவர் ஐயா!

இறுதி ஆட்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த மூன்றில் இரண்டு மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியது. அவர் கிரிகோரி அணிக்கு ஆடிய ஆள். மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ, 2015-இலிருந்து இருப்பவர். எதிரணிக்கு இரண்டு, எனக்கு ஒன்று. எழுதிக்கொள்ளுங்கள்.

இது நம்ம ஊர் வழக்கு மட்டும் இல்லை. இந்தியக் கால்பந்தில் இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளராக 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வாங்கியவர். இந்திய அணிக்கும் அவர்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பிய நாட்டை, 1956 மெல்போர்னில் நாலாவது இடத்துக்குக் கொண்டுபோனார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். அன்றைக்கு வலை காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ரஹீம் கண்டெடுத்த பிள்ளை. ரஹீமுக்குச் சொந்தப் பிள்ளையும் ஒருவர் உண்டு. பெயர் ஹக்கீம், அவரும் ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். பயிற்சியாளர் அப்பா; பிள்ளை ஒரு ஆட்டத்தில்கூடக் களம் இறங்கவில்லை. (சற்று அமைதி, பிறகு கைதட்டல்) தங்கம் வாங்கி ஒரு வருஷம் ஆகுமுன், 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயில் போய்விட்டார். அடுத்த வருஷம் இந்தியா ஆசியக் கோப்பையில் இரண்டாவது இடம். அது யார் கணக்கு? பலகையில் ரஹீம் பேரு இல்லை. ஆனால் களத்தில் இருந்தது யார் பழக்கிய கால்கள்?

எதிரணித் தம்பி எழுந்து நிற்கிறார். என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். போன வாரம் மச்சான் இதைத்தான் கேட்டு என் மகன் வாயை அடைத்தான். கேளுங்க: "உங்க படிக்கல்லை வைத்தே பேசுவோம். 2019-இல் கிரிகோரி பாதிப் பருவத்தில் விலகினார். வந்தவர் ஓவன் காயில். கையில் கிடைத்த அணி ஆறு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி. அதே ஆட்களை வைத்து 2020 மார்ச்சில் இறுதி ஆட்டத்துக்குப் போனார். அந்த ஆட்கள் யார்? வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, நெய்வேலிப் பிள்ளை எட்வின். எல்லோரும் கிரிகோரி இருக்கும்போது எடுத்தவர்கள். அப்போ கிரிகோரியும் பர்னஸைச் சூடாகத்தானே கொடுத்துவிட்டுப் போனார்?"

ஆமாம். (சிரிப்பு) ஆமாங்க, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ராத்திரி என் மகன் முகம் வாடிவிட்டது. நானும் தூங்காமல் யோசித்தேன். மெட்டராஸிக்கு ஒரு படிக்கல், கிரிகோரிக்கு வேறு படிக்கல் என்று வைக்க என்னால் முடியாது. இருபத்திரண்டு வருஷம் பலகையைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். கிரிகோரிக்கும் எழுதிக்கொள்ளுங்கள். கொரோனாவுக்காக ரசிகர்களையே விடாமல், காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம், கோப்பை வரவில்லை. கோப்பைதான் பெருமை என்றால் அந்தப் பருவத்துக்குக் கிரிகோரி கணக்கில் பூஜ்யம். என் படிக்கல்லை வைத்தால்தான் உங்கள் ஆளுக்கே மதிப்பெண் வருது, தம்பி! (பலத்த கைதட்டல்) உங்கள் ஆளைக் காப்பாற்ற நீங்கள் என் தலைப்பில் வந்து நின்றுவிட்டீர்கள். உட்காருங்க, உட்காருங்க.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம். ஆட்டம் பார்க்க எங்க வீட்டில் எல்லோரும் சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு நடந்துதான் போவோம். மகனும் மச்சானும் ஒரே நீலச் சட்டை, ஒரே வரிசை. கோல் விழுந்தால் ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் கட்டிக்கொள்வான். வெளியே வந்து, மூர் மார்க்கெட் பிளாட்பாரத்துக்கு வருகிற வரைக்கும் மெட்டராஸி, கிரிகோரி, மெட்டராஸி, கிரிகோரி. நாங்கள் கும்மிடிப்பூண்டி வண்டி. மச்சான் திருவள்ளூர் வண்டி. ஒருநாள் எங்க வண்டி நகர்ந்த பிறகும் அவன் பிளாட்பாரத்தில் கூடவே நடந்து வந்து, ஜன்னல் வழியாகக் கத்தினான்: "டேய் மாப்பிள்ளை, தாப்பாவை எடுத்தது உங்காளுதான்டா, ஒத்துக்கறேன்!" அதற்குள் அவனுடைய வண்டி போய்விட்டது. (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)