ஒன்றரை இஞ்சுச் சீட்டு: ஒரு விளக்கவுரை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அது தார்ச்சாலை, என் பிக்கப்புக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் மேலே போய்த் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையில்தான். மழைக்குப் பிறகு மிளகு லோடு ஏற்ற வரும் லாரிகள் அறுத்துவிட்டுப் போன பள்ளத்தில் என் இசுஸு வி-கிராஸ் ஒவ்வொரு முறையும் முன்பம்பரை இடித்துக்கொள்ளும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித் தரச் சொல்லி, நாமக்கல்லில் நான் நம்பும் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டேன். மேஸ்திரி அன்று வெளியூர் போகவேண்டியிருந்ததால், வேலை பழகும் பையனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பத்து வரி. வேலை முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கி வந்தேன். அவ்வளவு அறிவு அதில் அடங்கியிருக்கிறது. வரிவரியாக விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

“சமதரையில நிறுத்தி அள. வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும். நாலு பக்கமும் எழுது.”

தரையிலிருந்து ஏன் அளக்கச் சொல்லவில்லை? டயரில் காற்று குறைந்தாலும் பட்டன் தேய்ந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை அளந்தால் ஸ்பிரிங் எவ்வளவு தாங்கி நிற்கிறது என்பது மட்டும் தெரியும். நாலு பக்கமும் எழுதச் சொன்னதற்குக் காரணம், பிக்கப் என்றாலே பின்புறம் சற்று உயர்ந்தே பிறக்கும். பின்னால் லோடு ஏறும்போது கமான் பட்டை அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகச் செய்த அமைப்பு அது. முன்பக்கத்தை எவ்வளவு தூக்கலாம் என்பதை இந்த முன்பின் வித்தியாசம்தான் முடிவு செய்யும். அதற்கு மேல் போனால், லோடு ஏற்றிய அன்று வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

“ஒன்றரை இஞ்சு. ரெண்டைத் தாண்டாத.”

ஏறத்தாழ 40 மி.மீ. இவ்வளவு சிறியதா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்த உயரம் எங்கே கிடைக்கிறது, எங்கே கிடைக்கவில்லை என்று பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங்கை எந்த ஸ்பிரிங்காலும் தூக்க முடியாது. அது சக்கரத்தோடு கட்டுண்டது. பெரிய டயர் போட்டால்தான் உயரும். ஆகவே நாம் பெறுவது முன்மூக்குக்கும் எஞ்சின் அடித்தகட்டுக்கும் கிடைக்கும் இடம் மட்டுமே. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதலில் இடிபடும் இடம் அதுதான் என்பதால் எனக்கு அது போதும். அதற்கு மேல் தூக்கத் தூக்க வண்டியின் பாரம் மேலேறி, வளைவில் சாய்வு கூடும். எழுபது வளைவுகளைக் கொண்ட மலையில் அதைக் கேட்டு வாங்கக் கூடாது.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று சேர்த்தார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் நான் விசாரித்து வந்த பிறகுதான் மேஸ்திரி வண்டியை உள்ளே எடுத்தார். அவருடைய இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

“ஸ்பேசர் வேண்டாம். ஸ்பிரிங்கை மாத்து. எடையைச் சொல்லி வாங்கு.”

சீட்டின் உயிர் இந்த வரியில் இருக்கிறது.

வி-கிராஸின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டாகக் கீழ் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே நிற்கின்றன. அந்தக் கூட்டு ஆர்மின் நுனியில் உட்காரவில்லை; உள்ளே தள்ளி, ஏறத்தாழப் பாதி தூரத்தில் உட்காருகிறது. நெம்புகோல் போலத்தான். நடுவில் ஒரு மடங்கு அசைந்தால் நுனியில் இரண்டு மடங்கு அசையும். அதனால் கூட்டின் தலையில் 20 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசரை வைத்தாலே சக்கரத்தில் 40 மி.மீ. அளவுக்கு உயரம் வந்துவிடும். விலை குறைவு, வேலை ஒரு பொழுதுக்குள் முடியும். ஆசை வருவதில் வியப்பில்லை. எனக்கும் வந்தது. சில வருடங்களுக்கு முன் வேறொரு கடையில் அதைத்தான் போட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்குத் தெரியாதது இது. சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குக்காக மொத்தம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், வண்டி சும்மா நிற்கும்போது மேலே 100, கீழே 100. ஸ்பேசர் வைத்தால் இந்த எல்லை முழுவதும் அப்படியே 40 மி.மீ. கீழே நகர்ந்துவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, தயாரித்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஆழத்துக்கு அது போகும். ஆக்சிலும் பால் ஜாயிண்ட்டும் மேல் ஆர்மும் அந்தக் கோணத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. மறுபுறம், பெரிய மேட்டில் அடிபடும்போது, சேஸிஸில் உள்ள ரப்பர் ஸ்டாப்பர் தடுப்பதற்கு முன்னாலேயே ஷாக் உள்ளே அடிபடலாம். என் வண்டியில் முதலில் போனது ஆக்சில் பூட். ரப்பர் கிழிந்து, ரிம்மின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. கிரீஸ் போன இடத்தில் மண் புகுந்து ஜாயிண்ட்டையும் தின்றுவிட்டது.

ஸ்பிரிங்கை மாற்றும்போது எல்லை நகர்வதில்லை. வண்டி அந்த எல்லைக்குள் நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. மேலே 140, கீழே 60. ஆக்சில் தன் பழைய எல்லையைத் தாண்டாது. கீழே போகும் தூரம் குறைந்ததுதான் இதற்கு நாம் தரும் விலை. வேகத்தடையில் இறங்கும்போது சக்கரம் சீக்கிரமே தொங்கி முடிந்து “டக்” என்று ஒரு சத்தம் வரலாம். அந்தச் சத்தத்தைக் குறைப்பது அடுத்த வரியின் வேலை.

“எடையைச் சொல்லி வாங்கு” என்றாரே, அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். இந்த வகைப் பிக்கப்புகளுக்கான ஸ்பிரிங்குகளில் பேர்பெற்றவை ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை. மெல்போர்னில் 1975-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு அவற்றில் ஒன்று. அந்த நாட்டில் பிக்கப்பின் முன்னால் கனமான இரும்புத் தடுப்பான புல் பாரும், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சும் மாட்டுவது வழக்கம். அதனால் ஒரே வண்டிக்கே வெறும் முகப்புக்கு ஒரு ஸ்பிரிங், புல் பார் எடைக்கு ஒன்று, வின்ச்சும் சேர்ந்த எடைக்கு ஒன்று எனத் தனித்தனியாக விற்கிறார்கள். நம் நாட்டில் புல் பார் கூடாது என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. என் வண்டியின் முகப்பு வெறும் முகப்பு. அதற்கு வின்ச் எடைக்கான ஸ்பிரிங்கைப் போட்டால் முன்பக்கம் தேவைக்கு மேல் எகிறி நிற்கும், சிறு கல்லுக்கும் குதிக்கும். கனமான ஸ்பிரிங்தான் நல்ல ஸ்பிரிங் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதுகைத்தான் அது பதம் பார்க்கும்.

“ஷாக்கையும் ஜோடியா மாத்து.”

ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும். ஷாக் அதன் துள்ளலை அடக்கும். விறைப்பான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது, மேட்டைத் தாண்டிய பிறகும் முன்பக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். புதிய ஸ்பிரிங்குக்கென்று வரும் ஷாக்குகள் நீளத்திலும் சற்றே கூடுதலாக இருக்கும். மேலே சொன்ன “டக்” சத்தம் அதனால் பெருமளவு அடங்கும். ஜோடியாக என்றது இடமும் வலமும் ஒன்றாக என்பதற்காக.

“அழுத்தி வைக்காம மேல் நட்டைத் தொடாத.”

சீட்டில் இந்த வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார். கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையோடு காத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸரால் இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி, அது தட்டில் தளர்ந்து ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே உச்சியில் உள்ள நட்டைக் கழற்ற வேண்டும். வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்து பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்கள் இதை மட்டுமாவது பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

“ஆக்சில் பூட், பிரேக் ஓஸ், ஏ.பி.எஸ். ஒயர். வீலைத் தொங்கவிட்டுப் பாரு.”

சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, எதுவும் இழுபடுகிறதா என்று பார்ப்பது. ஆக்சிலைப் பற்றி ஒன்று: நான் நாலு சக்கர ஓட்டம் போடுவதே இல்லை, எனக்கென்ன என்று சிலர் சொல்வார்கள். இரண்டு சக்கர ஓட்டத்திலும் முன் ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கோணம் தவறானால் சும்மா ஓட்டும்போதும் தேயும்.

“புஷ் போல்ட்டை வண்டி தரையில நின்ன பெறகு இறுக்கு.”

இந்த ஒரு வரிக்காகவே சீட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு சிறு குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் சேஸிஸோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். கதவுக் கீல் போல அது வழுக்கிச் சுழல்வதில்லை.

இப்போது வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கிக் கிடக்க, போல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். ரப்பர் முறுக்கிய துணியாக நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும் இரவில்கூட அதற்கு ஓய்வில்லை. சில மாதங்களில் கிழிந்து, பள்ளத்தில் “கட கட” என்று சத்தம் கேட்கத் தொடங்கும். அந்த முறுக்கே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்து, வண்டியைப் பொய்யான உயரத்தில் நிறுத்தியும் வைக்கும். சரியான முறை, போல்ட்டுகளைக் கையால் பொருத்திவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்தி விட்டு, எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்குவது. கீழே படுத்துச் செய்ய வேண்டிய சிரமமான வேலை. ஆனால் அந்தப் பையன் செய்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“அலைன்மென்ட். காஸ்டரைக் கேட்டு வாங்கு.”

உயரம் மாறினால் சக்கரத்தின் கோணங்கள் எல்லாம் மாறும். பல கடைகளில் டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம், அது ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். டயர் தேயாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் தூக்கிய வண்டியில் பெரும்பாலும் குறைவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. அதே சாய்வு பிக்கப்பிலும் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கும், நான்குவழிச் சாலையில் வண்டி அலைபாயும். ஒன்றரை இஞ்சுக்குள் நின்றால் பெரும்பாலும் இருக்கிற போல்ட்டுகளிலேயே திருத்திவிடலாம். அதற்கு மேல் போனவர்கள் மேல் ஆர்மையே மாற்ற வேண்டிவரும். இரண்டாம் வரியின் கண்டிப்புக்கு இதுவும் ஒரு காரணம். அச்சிட்ட அளவுத்தாளில் காஸ்டர் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

“ஐநூறு ஓடுன பெறகு வரச் சொல்லு.”

ஐநூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் புது ஸ்பிரிங் சில மி.மீ. அமரும், போல்ட்டுகளும் தளரலாம். மறு இறுக்கலும் மறு அளவும்.

“லைட்டை இறக்கு.”

கடைசி வரி. முதலில் எனக்கு இது சின்ன விஷயமாகத்தான் பட்டது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 3,100 மி.மீ. முன்பக்கம் மட்டும் 40 மி.மீ. உயர்ந்தால், முன்விளக்கின் ஒளி பத்து மீட்டருக்கு 13 செ.மீ. வீதம் மேல்நோக்கிச் சாயும். டிம் வெளிச்சம் பல வண்டிகளில் பத்து மீட்டருக்கு 10 செ.மீ. அளவில்தான் கீழ்நோக்கி வைக்கப்படுகிறது. கழித்துப் பார்த்தால், டிம்மில் ஓட்டினாலும் வெளிச்சம் மட்டத்துக்கு மேலே போகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. திருத்துவதற்கு ஒரு சுவரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும். வண்டியைத் தூக்குகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்துவிட்டு இரவில் மலை ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கி வரும் பேருந்து ஓட்டுநருக்குச் சாலையின் ஓரம் தெரிய வேண்டும்.