குளத்தில் முட்டையிடாத கெண்டை

டுரியான் துங்காலுக்கும் மலாக்கா நகருக்கும் இடையே உள்ள பத்து பெரெண்டாம், இன்று விமான நிலையத்தால் அறியப்படுகின்றது. மீன் வளர்ப்பின் வரலாற்றைக் கற்றோர்க்கோ அவ்வூர் வேறு காரணத்தால் நினைவில் நிற்கும். 1957-ஆம் ஆண்டில் வெப்ப மண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே நிறுவப்பெற்றது. அதனை உருவாக்கிய ஹிக்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் முதலில் கவனித்தது திலாப்பியா மீனை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்த அம்மீன், அளவின்றிக் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும். அதனால் எதுவும் பெரிதாக வளராது. இரு இனங்களைக் கலந்து, ஏறத்தாழ ஆண்களே பிறக்கும் கலப்பினத்தை அவர் பெற்றார். 1960-இல் அச்செய்தி வெளியாயிற்று.

சீனக் கெண்டைகளின் குறையோ இதற்கு நேர்மாறானது. புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, பெருந்தலைக் கெண்டை ஆகிய மூன்றும் குளத்தில் நன்கு வளரும், வயிற்றில் சினையும் பிடிக்கும், ஆனால் முட்டையிடமாட்டா. வெள்ளம் பெருகியோடும் யாங்சி போன்ற பேராறுகளிலேயே அவை முட்டையிடும் இயல்பின. ஆகவே மலாயாக் குளங்களுக்கு வேண்டிய குஞ்சுகள் சீனத்து ஆறுகளில் பிடிக்கப்பட்டுக் கடல் கடந்து வந்தன. உள்ளூர்க் குளத்தின் விளைச்சல் அயல்நாட்டு ஆற்றை நம்பியிருந்தது.

ஆற்று வெள்ளம் தானே முட்டையை வெளிப்படுத்துவதில்லை. அதை உணர்ந்த மீனின் உடலில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. வேலை செய்வது அதுவே. 1930-களில் பிரேசில் நாட்டு வான் இஹெரிங் இச்சுரப்பியைக் கொண்டு மீன்களை முட்டையிடச் செய்தார். இந்தியாவில், 1957 ஜூலை 10 அன்று, ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் ஒடிசாவில் கெண்டை இனங்களில் வெற்றி கண்டனர். முதிர்ந்த மீனொன்றின் தலையைப் பிளந்து சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் இட்டுக் காத்து, அரைத்துத் தெளிந்த நீரை மற்றொரு மீனின் தசையில் ஊசியால் ஏற்றுவர். சில மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். ஒரு மீன் தலையைக் கொடுத்து மற்றொன்றைத் தாயாக்குகிறது எனலாம். மலாக்காவில் மூன்று சீனக் கெண்டைகளையும் ஹார்மோன் தூண்டுதலால் முட்டையிடச் செய்த விவரம் 1969-இல் அச்சேறியது.

கெண்டைக்குப் பயன்பட்ட இவ்வழி இறாலுக்கு உதவாது. இறாலுக்குப் பிட்யூட்டரியே இல்லை. அதன் கண்ணைத் தாங்கும் காம்பில் சுரக்கும் ஹார்மோன், சினை முதிர்வதைத் தடுத்துக்கொண்டிருக்கும். 1943-இல் பனூஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்காம்பை அகற்றியபோது, பெண் இறாலின் சினைப்பை விரைந்து பெருகியது. ஆக, கெண்டைக்கு ஹார்மோனைக் கொடுக்க வேண்டும்; இறாலிடமிருந்து எடுக்க வேண்டும். கேரளத்து நாரக்கல்லில் முத்துவும் லட்சுமிநாராயணாவும் இந்திய இறால்களை இவ்வாறு முதிரச் செய்து, 1977-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு கண்ணை மட்டும் நீக்குவதே வழக்கம்.

கடலில் சினை இறால் தேடி அலைந்த பொரிப்பகங்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் அடுத்தடுத்து முட்டையிடும் தாய் இறால் விரைவில் தளர்ந்துபோகும். முட்டையின் தரமும் குன்றக்கூடும். ஓர் உயிரின் கண்ணைப் பறிப்பது தகுமா என்ற கேள்வியும் உண்டு. 2021-இல் வெளியான ஆய்வொன்றில், கண் நீக்கப்படாத வெள்ளை இறால்களின் குஞ்சுகளே நோயைக் கூடுதலாகத் தாங்கி நின்றன. நல்ல தீனியையும், கூடுதலான தாய் இறால்களையும் கொண்டு, கண்ணைத் தொடாமலே குஞ்சு எடுக்கும் பொரிப்பகங்களும் இப்போது உள்ளன.