காட் மீன் போன கதை: யார் சொன்னதை யார் கேட்கவில்லை?

கடலில் மீன் தீர்ந்து போகுமா? கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் முன்பெல்லாம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 1497ஆம் ஆண்டில் ஜான் கேபட் என்ற மாலுமி அந்தக் கடலைக் கண்டு திரும்பியபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீனை அள்ளிவிடலாம் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. அந்த மீன்தான் காட். உப்பிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. அந்த ஒரு மீனை நம்பியே தீவின் கரை நெடுகிலும் சின்னச் சின்ன மீனவக் கிராமங்கள் எழுந்தன.

ஐந்நூறு ஆண்டுகள் அள்ளிக் கொடுத்த அந்தக் கடல் 1992இல் கையை விரித்துவிட்டது. 'விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், பேராசை பிடித்த மீனவர்கள் கேட்கவில்லை' என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. ஆனால் நடந்தது வேறு.

வெளியேறிய கப்பல்கள், வந்த நம்பிக்கை

1950களில் தொடங்கி சோவியத் யூனியன், ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற நாடுகளின் ராட்சத இழுவலைக் கப்பல்கள் அங்கு வந்து குவிந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே பதப்படுத்தி உறைய வைத்தன. 1968இல் மட்டும் வடபகுதி காட் மீன் 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. பத்தே ஆண்டுகளில், 1978இல், அது ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் டன்னாகச் சரிந்தது.

1977இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக நீட்டியது. அந்நியக் கப்பல்கள் பெருமளவு வெளியேறின. இனி மீன் பெருகும் என்று அரசாங்கத்தின் விஞ்ஞானிகள் கணித்தார்கள். அந்த நம்பிக்கையில் கனடா நிறுவனங்கள் தங்கள் சொந்த இழுவலைக் கப்பல்களைக் கடலில் இறக்கின. அதாவது, விரட்டியது அந்நியரை மட்டுமே. மீனை வாரி எடுக்கும் முறை அப்படியே இருந்தது.

இரண்டு கண்கள், இரண்டு கணக்குகள்

கரையோர மீனவர்கள் மீனைத் துரத்திப் போவதில்லை. கோடையில் காப்லின் என்ற சிறு மீனைத் தின்பதற்காகக் காட் மீன் கரைக்கு வரும். அது வரும் வழியில் வலைப்பொறியைக் கட்டி வைத்துக் காத்திருப்பார்கள். 1980களின் நடுவில் அந்த வலைகளில் மீன் குறைந்தது. வந்த மீனும் சிறுத்திருந்தது. ஆழ்கடலில் முட்டையிடும் கூட்டத்தையே கப்பல்கள் வாரிக்கொண்டு போகின்றன என்று அவர்கள் முறையிட்டார்கள்.

விஞ்ஞானிகள் ஏன் அதை ஏற்கவில்லை? அவர்களிடமும் காரணம் இருந்தது. கரைக்கு மீன் வருவது தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்து மாறும். ஒரு வளைகுடாவின் வலையை வைத்துக் கடல் முழுவதையும் அளக்க முடியாது. ஆகவே ஆய்வுக் கப்பலின் மாதிரிகளையும், இழுவலைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்ற கணக்கையும் அவர்கள் நம்பினார்கள்.

அந்த இரண்டாவது கணக்குதான் காலை வாரிவிட்டது. கடலில் மீன் குறையக் குறைய, எஞ்சிய மீன்கள் சில இடங்களில் நெருக்கமாகக் கூடின. ஒலியலைக் கருவிகள் அந்த இடங்களைத் துல்லியமாகக் காட்டின. கப்பல்களின் வலை நிறைந்துகொண்டே இருந்தது. கடலோ காலியாகிக்கொண்டிருந்தது.

1986இல் கரையோர மீனவர்கள் சங்கம் அமைத்தார்கள். அரசுக் கணக்கைச் சரிபார்க்கும்படி மெமோரியல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிஞர்களைக் கேட்டார்கள். மீன் இருப்பு மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று அவர்களும் சொன்னார்கள். மணியோசை முன்பே கேட்டது. கேட்க வேண்டியவர்கள் காதில்தான் அது விழவில்லை.

பாதிக் கிணறு தாண்டிய அமைச்சர்

1989இல் அரசாங்க விஞ்ஞானிகளே தங்கள் தவற்றைக் கண்டுகொண்டார்கள். 1988இல் 2 லட்சத்து 66 ஆயிரம் டன்னாக இருந்த பிடிப்பு அளவை 1 லட்சத்து 25 ஆயிரம் டன்னாகக் குறைக்கச் சொன்னார்கள். ஆலைகள் மூடப்படும், வேலைகள் போகும் என்ற அச்சம் எழுந்தது. அமைச்சர் 2 லட்சத்து 35 ஆயிரம் டன் என்று அறிவித்தார். யாருக்கும் வலிக்காத முடிவுதான். ஆனால் மீனுக்கு வாக்குரிமை இல்லையே!

1992 ஜூலை 2ஆம் தேதி, தலைநகர் செயின்ட் ஜான்ஸில் உள்ள ஒரு ஹோட்டலில் அமைச்சர் ஜான் குரோஸ்பி வடபகுதி காட் மீன்பிடிக்கு முழுத் தடை விதித்தார். வெளியே நின்ற மீனவர்கள் அறையின் கதவை உடைத்து நுழைய முயன்றார்கள். ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். தொடக்கத்தில் கிடைத்த உதவி வாரம் 225 கனடா டாலர். இரண்டே ஆண்டுத் தடை என்றுதான் சொன்னார்கள். இளைஞர்கள் வேலை தேடித் தீவை விட்டுப் புறப்பட்டார்கள். பள்ளிகள் வெறிச்சோடின.

குளிர்ந்த நீரின் மீதும் கடல்நாய்களின் மீதும் பழி போடப்பட்டது. 1994இல் ஜெஃப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மையர்ஸ் ஆகிய விஞ்ஞானிகள், அளவுக்கு மீறிப் பிடித்ததே காரணம் என்று எழுதினார்கள். மீனவர்கள் முன்பே சொன்னதை அறிவியலும் உறுதி செய்தது. ஆனால் அப்போது கடலில் காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை.

32 ஆண்டுகளுக்குப் பிறகு

இரண்டு ஆண்டுத் தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024 ஜூனில் கனடா தடையை நீக்கி, அந்த ஆண்டுக்கு 18,000 டன் அனுமதித்தது. மீனவர்கள் கொண்டாடியிருக்க வேண்டாமா? மாறாக, மீனவர் தொழிற்சங்கமே அந்த முடிவை எதிர்த்தது. பெரிய இழுவலைக் கப்பல்களுக்கும் அந்நியக் கப்பல்களுக்கும் மீண்டும் வழி திறக்கிறது என்பதே அவர்களின் கவலை.

அன்று கட்டுப்பாட்டைக் கேட்டு முதலில் குரல் கொடுத்ததும் கரையோர மீனவர்கள்தான். கணக்குப் புத்தகம் பார்க்காததை வலை பார்க்கும். வலை பார்க்க முடியாத தூரத்தைக் கணக்கு பார்க்கும். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால், அந்த ஹோட்டலின் கதவை இடிக்க வேண்டிய நிலையே வந்திருக்காது.