கல்லுக்குள் ஒரு தச்சர் வேலை

புனே, மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு லோனாவாலா என்றால் மழையும் சிக்கியும்தான். அதற்குப் பக்கத்தில் உள்ள கார்லாவுக்குப் போகிறவர்களும் ஏகவீரா தேவியைக் கும்பிட்டுவிட்டு, அருகிலேயே இருக்கும் பௌத்த சைத்தியத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால் உள்ளே நின்று ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

கூரை முழுக்க வில்லாக வளைந்த மரச்சட்டங்கள் வரிசையாகத் தெரியும். கிட்டத்தட்ட 1900 வருடத்து மரம்! அவைதான் கூரையைத் தாங்குகின்றன என்று தோன்றும். ஆனால் அங்கே தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. 124 அடி நீளம், சுமார் 45 அடி உயரமுள்ள அந்த மண்டபம் முழுவதும் மலையைக் குடைந்தது. பாறைதான் மரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் மரம் எதற்கு? பிக்குகள் அதற்குமுன் கூடி வழிபட்ட மண்டபங்கள் மரத்தால் கட்டியவை. சைத்தியம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கண் பழகியிருந்தது. பாறைக்கு மாறியபோதும் அந்த உருவத்தை விட மனம் வரவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாஜா இன்னும் பழையது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அங்கே தூண்கள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். மரக் கட்டடத்தில் வளைந்த கூரையின் பாரம் தூண்களை வெளியே தள்ளும் என்பதால் தச்சர்கள் சாய்த்து நடுவார்கள். பாறையில் அந்தப் பயமே கிடையாது. இருந்தும் சாய்த்தே செதுக்கியிருக்கிறார்கள். முகப்பை மரத்தால் செய்தார்கள். அது போய்விட்டது, பொருத்திய துளைகள் மட்டும் இருக்கின்றன.

சாஞ்சியிலும் இதே கதைதான். தூணில் துளையிட்டுக் குறுக்குச் சட்டத்தைச் செருகும் மரவேலி, அங்கே அப்படியே கல்லில் இருக்கிறது. தெற்குத் தோரணத்தின் சிற்பங்களைச் செய்தவர்கள் விதிஷாவின் தந்த வேலைக்காரர்கள் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கார்லா வாசல் கல்வெட்டுகள்தான். தேனுகாகடம் என்ற ஊரின் வாசனைத் திரவிய வியாபாரி சிம்மதத்தன் வாசலுக்குத் தானம் கொடுத்திருக்கிறார். வாசலைச் செய்தவர் அதே ஊர்க்காரர், வேணுவாசரின் மகன் சாமி. அவர் தொழில்? தச்சர்! கல் வாசலைச் செய்தவர் ஒரு மரத்தச்சர். வங்கிக்காரன் கண்ணுக்கு இது பக்காவான வவுச்சர்: பணம் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது, வேலை செய்தவர் பெயரும் இருக்கிறது. ராஜாக்கள் பெயரை மட்டும் மனப்பாடம் செய்து பாஸான நமக்கு இந்தச் சாமியை யாரும் சொல்லித்தரவில்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அஜந்தாவின் 19ஆம் குகைக்கு வரும்போது சட்டங்களும் கல்லாகிவிட்டன. சைத்திய முகப்பின் லாட வடிவ வளைவு நம் ஊர்க் கோயில் விமானங்களில் 'கூடு' என்ற பெயரில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. பொருள் மாறினாலும் உருவம் விடுவதில்லை. நம் ஃபிளாட் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் அந்த ரகம்தானே?

புனே லோக்கலில் மளவ்லியில் இறங்கினால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். குழந்தைகளையும் கூட்டிப்போய் அந்தத் தச்சர் பெயரைச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் படி வழுக்கும், ஜாக்கிரதை.