குட்டைக்கால் வேட்டைக்காரன்

1995-ல் வடவள்ளியில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்களைச் சுற்றித் தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும்தான். எலிக்கும் பெருச்சாளிக்கும் பஞ்சமில்லை. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். செம்பழுப்பு நிறம், தொங்கும் காது, நீண்ட உடம்பு. கால் மட்டும் ஒரு சாண்கூட இல்லை. "டாஷ்ஹண்ட் ஜாதிங்க" என்றார். மணி என்று பெயர் வைத்தோம்.

ஆறே மாதத்தில் என் மனைவியின் மல்லிகைப் பாத்தி முழுக்கக் குழியாகிவிட்டது. பால்காரரைக் கண்டால் தெருவே அதிரக் குரைப்பான். கூப்பிட்டால், வர மனமிருந்தால் வருவான். நானும் செய்தித்தாளைச் சுருட்டி அடித்துப் பார்த்தேன். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "அதைய ஏனுங்க அடிக்கறீங்க? அது அதோட வேலையத்தானுங்க பாக்குது."

என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பழைய லரூஸ் அகராதியை எடுத்துப் புரட்டினேன். பிரெஞ்சில் இந்த நாய்க்கு 'தெக்கேல்' என்று பெயர். அதுவும் ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல்தான். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் வளைக்கரடி, 'ஹுண்ட்' என்றால் நாய். வளைக்கரடிக்குப் பிரெஞ்சில் 'ப்ளேரோ'. அந்தச் சொல் எனக்குச் சிறுவயது முதலே தெரியும். ஆனால், அப்பா சவரத்துக்குச் சோப்பு நுரைக்கும் தூரிகையின் பெயராக! அந்த விலங்கின் மயிரில் செய்ததால் தூரிகைக்கும் அதே பெயர்.

வளைக்கரடி மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும். பல்லும் நகமும் பொல்லாதவை. அதன் வளைக்குள்ளேயே போய் மடக்குவதற்காக ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் வளர்த்தெடுத்த நாய் இது. இப்போது யோசித்துப் பாருங்கள். குட்டைக்கால், வளைக்குள் நுழைய. அகன்ற நெஞ்சு, காற்றில்லாத இடத்தில் மூச்சுப்பிடிக்க. பெரிய குரல், மேலே நிற்கும் எஜமானனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவிக்க. பிடிவாதமும் அப்படித்தான். இருட்டு வளைக்குள் 'வா, போ' என்று சொல்ல ஆளில்லை, தானே முடிவெடுக்க வேண்டும். நான் குறை என்று அடித்ததெல்லாம் அதன் உத்தியோகத் தகுதிகள்!

விக்டோரியா மகாராணி இந்த ஜாதியை ஆசையாக வளர்த்தார். 1888-ல் ஜெர்மனியில் இதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. முதல் உலகப் போரில் ஜெர்மனியைக் கேலி செய்ய இந்த நாயையே படமாக வரைந்தார்கள். எந்தப் பாவமும் அறியாத நாய்க்கு அந்தக் கெட்ட பெயர். பிறகு 1972-ல் மூனிக் ஒலிம்பிக்கில் 'வால்டி' என்ற டாஷ்ஹண்ட்தான் அதிகாரபூர்வச் சின்னம். மாரத்தான் பாதையைக்கூட அதன் உருவத்தில் வகுத்தார்களாம்.

கோபக்காரன் என்பதும் உண்மைதான். 2008-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், அந்நியரிடமும் எஜமானரிடமும் சீறும் ஜாதிகளில் டாஷ்ஹண்ட் முன்வரிசையில் நின்றது. அளவில் சிறியது என்று சின்னக் குழந்தைகளிடம் விட்டுவிடக் கூடாது.

அடிப்பதை அன்றோடு நிறுத்தினேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையை மணிக்கென்று விட்டுக்கொடுத்தோம். மல்லிகை பிழைத்தது. பெருச்சாளித் தொல்லையும் ஒழிந்தது.

குணத்தைப் புரிந்துகொண்ட நான் உடம்பைப் புரிந்துகொள்ளவில்லை. ஆசையாக நெய்ச்சோறு ஊட்டினோம். கட்டிலிலிருந்து குதிப்பதையும் மாடிப்படி ஏறி இறங்குவதையும் ரசித்தோம். 2001-ல் ஒரு காலை, பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். முதுகெலும்புத் தட்டு பிதுங்கிவிட்டது என்றார் மருத்துவர். காலைக் குட்டையாக்கும் மரபணுக் கோளாறே முதுகுத் தட்டுகளையும் இளவயதில் இறுகச் செய்கிறது. ஐந்தில் ஒரு டாஷ்ஹண்டுக்காவது இந்த நோய் வருகிறது. எடை கூடக் கூட, குதிக்கக் குதிக்க ஆபத்து. எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் மூன்று வருடம் இடுப்பில் துண்டு கட்டித் தூக்கிப் பிடித்து நடத்தினேன். அந்த நிலையிலும் தன் மூலைக்குப் போய் முன்னங்காலால் மண்ணைப் பறிப்பான். 2004-ல் அங்கேயே அவனைப் புதைத்தோம்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனுக்குக் காவல் நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் உருவத்தையும் பெயரையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மணிக்கு நான் கல் நடவில்லை. அந்த இடத்தில் ஒரு மல்லிகைக் கொடி வைத்தேன்.

பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களே என்று இந்த ஜாதிக் குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோண்ட ஒரு மூலை கொடுங்கள், அளவாகச் சோறு போடுங்கள், படியேற விடாதீர்கள். தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை இடுப்புக்கு.