கணக்கு காட்டாதவன் மச்சானும் நிற்க முடியாது

உத்திரமேரூர்னாலே நமக்கு குடவோலைதான் ஞாபகம் வரும். வேங்கிக்கால்ல இருந்து வந்தவாசி வழியா போனா, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தவை; ஒன்று 919, இன்னொன்று 921. இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். எங்க பாஷையில், வெர்ஷன் 2.

எனக்குக் குலுக்கலைவிட முக்கியமாகப் படுவது தகுதிநீக்கப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமல்ல: அப்பா, மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், சகோதரி புருஷன், மருமகன் என்று உறவு உறவாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 'நான் நிக்கல, மச்சான் நிக்கிறான்' என்ற வழி அடைபட்டது. வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷம் விலகியிருக்கவும் வேண்டும்.

ரோமானியர்கள் வேறு வழியில் போனார்கள். லஞ்சத்துக்கு எதிராகச் சட்டம் மேல் சட்டம், கி.மு. 139-இல் ரகசிய வாக்கு, கி.மு. 63-இல் சிசரோ கொண்டுவந்த சட்டத்தில் பத்து வருஷ நாடுகடத்தல். அதே வருஷம், ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாக வழக்கில் சிக்கிய முரேனாவுக்காக வாதாடியதும் சிசரோதான்! முரேனா விடுதலையானார்.

உத்திரமேரூரில் விலைக்கு வாங்க ஓட்டே இல்லை. விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து வாங்குவார், ஓலையை மாற்றிவிடாதபடி.

இதை 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால் ஒன்று. அது பிராமணர்களின் சபை. சொந்த மனை, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், 35-இலிருந்து 70-க்குள் வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். அரைக்கால் வேலியே இருந்தாலும், நன்கு படித்தவனுக்குச் சலுகை உண்டு. உழுதவர்கள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

நாம் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்துவிட்டோம். அது பெரிய விஷயம். ஆனால் கணக்கு? 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 10ஏ-படி, தக்க காரணமில்லாமல் தேர்தல் செலவுக் கணக்கு தராத வேட்பாளருக்கு மூன்று வருஷத் தடை. மச்சானுக்குத் தடை இல்லை. உறவினரைத் தண்டிப்பது இன்று நியாயமில்லை, சரி. ஆனால் கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்க நமக்குத் தடை ஏதும் இல்லையே? அடுத்த கூட்டத்துக்குப் போங்க.